பிரேக் விளக்கு எரியவில்லை

தையல்காரர் வந்து நின்றபோது கரண்டக்கா ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். செருப்பைப் பார்த்தே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"மறுபடியும் போயிடுச்சா மாஸ்டர்?" என்று கீழே இருந்தபடியே கேட்டாள்.

"போயிடுச்சும்மா. ஆஸ்பத்திரி வாசல்ல வாட்ச்மேன் சொல்றார், பின்னாடி லைட்டு எரியலன்னு. ஹாரன் அடிச்சுப் பார்த்தேன், சத்தம் இல்ல. ஃபியூஸ் என்ன மிட்டாயா, வாயில போட்டதும் கரையறதுக்கு?"

கரண்டக்கா என்பது தெரு வைத்த பெயர். கார்களுக்கு மின்சார வேலை பார்க்கிற பட்டறை அவளுடையது. கணவனும் அவளுமாகத் தொடங்கியது. கடல் தாண்டி வேலைக்குப் போன கணவன் அங்கேயே வேறொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டான். தகரக் கூரை, இரண்டு மேஜை, ஒரு பேட்டரி சார்ஜர், வண்ண வண்ணமாய் வயர் தொங்கும் ஆணிகள் எல்லாம் இவளுக்கு மிஞ்சின. வேலையும் மிஞ்சியது. அந்தச் சுற்று வட்டாரத்தில் பிடிபடாத கோளாறு என்றால் வண்டி அவள் வாசலுக்குத்தான் வரும்.

தையல்காரரின் கார் அவரைப் போலவே வயதானது, அவரைப் போலவே சுத்தமானது. அந்த மாடலில் ஹாரனுக்கும் பிரேக் விளக்குக்கும் ஒரே ஃபியூஸ். எங்கோ ஒரு வயர் தோல் உரிந்து இரும்பில் படுகிறது, பட்டதும் ஃபியூஸ் உருகுகிறது. அது வரைக்கும் யாருக்கும் தெரியும். எங்கே படுகிறது என்பதுதான் கண்ணாமூச்சி காட்டியது. பிரேக் மிதியின் அடியில் இருக்கும் ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்திருந்தாள். டிக்கி மூடி திறந்து மூடும் இடத்தில் வயர் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவியிருந்தாள். பல்பு மாட்டும் கிண்ணங்களில் தண்ணீர் இறங்கவில்லை. புது ஃபியூஸ் போட்டுத் தானே ஓட்டிப் பார்த்தாள். பள்ளத்தில் இறக்கினாள், திடுக்கிடும்படி பிரேக் அடித்தாள். ஃபியூஸ் கல்லுப்போல நின்றது. தையல்காரர் தனியாகத் துணிக்கடைக்குப் போய்வந்தபோதும் நின்றது. மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கை கால் பயிற்சிக்கு அழைத்துப்போகும் நாளில் மட்டும் போனது.

"அந்த ரோட்டுல வேகத்தடை ஜாஸ்தி மாஸ்டர். வண்டிக்கு அடியில எங்கயோ வயர் ஆடுது. சீட்டையெல்லாம் கழட்டித் தரையைத் தூக்கிப் பார்க்கணும். வண்டிய ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க."

"நாளைக்கும் பயிற்சி இருக்கேம்மா. விட்டா கை மடங்கிப் போயிடும்னு பயிற்சி குடுக்கற பொண்ணு சொல்லுது. இந்த வாரம் முடியட்டும், கொண்டாந்து விட்டுடறேன்."

பின் இருக்கையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் எங்கிருந்தோ தேடி எடுத்துவர வேண்டும். இடது கையால் கதவோரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கரண்டக்காவைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம்தான் ஏறியது.

"சாப்... சாப்டியா?" என்றாள்.

"ஆச்சுக்கா."

கரண்டக்கா ஒரு பொட்டலம் ஃபியூஸ் கொடுத்தாள். "இதே அளவுதான் போடணும். பெருசு போட்டீங்கன்னா ஃபியூஸ் இருக்கும், கார் இருக்காது. பிரேக் போட்டு நின்னு கிளம்பும்போதெல்லாம் ஹாரனைத் தொட்டுப் பாருங்க. சத்தம் வரலன்னா ஓரம் கட்டி மாத்திடுங்க. சரியா?"

"சரிம்மா," என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் மத்தியானம் செய்தி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் மோட்டார் பைக் ஒன்று பின்னால் வந்து காரில் மோதியது. ஓட்டிவந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஹெல்மெட் போட்டிருந்தான். அப்படியும் கழுத்து தாங்கவில்லை, அங்கேயே போய்விட்டான். காரில் இருந்தவர்களுக்குக் கீறல்கூட இல்லை. பின்னால் வந்தவன்தான் பார்த்து வந்திருக்க வேண்டும், வேகம்தான் காரணம் என்று போலீஸ் முடிவுகட்டியது. காரையும் சீக்கிரமே விட்டுவிட்டார்கள்.

காரை ஒரு லாரி கட்டியிழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் விட்டது. தையல்காரர் லாரியிலிருந்து இறங்கினார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ஊருக்கே சட்டை தைத்துக் கொடுத்தவர் அப்படி நின்று கரண்டக்கா பார்த்ததில்லை.

"மோதினதுக்கு அப்புறம் ஃபியூஸ் பெட்டியத் திறந்து பார்த்தேன்," என்றார். "போயிருந்துச்சு. போலீஸ்காரர் கேட்டப்ப வாயத் திறக்கல. அடிச்ச அடியில வயர் நசுங்கிப் போயிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன். ராத்திரி கண்ண மூட முடியலம்மா. அடிச்சதுல போச்சா, இல்ல முன்னாடியே போச்சா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

கரண்டக்கா காரின் பின்பக்கம் போய்க் குந்தினாள். வலது மூலை உள்ளே போயிருந்தது. விளக்கின் சிவப்பு மூடி நொறுங்கிக் கிடக்க, உள்ளே பல்பின் கண்ணாடி உடைந்து இழை மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பல்பை மெல்லத் திருகிக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். இழை அறுபடவில்லை. சுருள் சுருளாய், புதுசுபோல மின்னியது.

எரிந்துகொண்டிருக்கும் பல்பின் கண்ணாடி உடைந்தால், காற்றுப் பட்ட நொடியிலேயே இழை கருகிவிடும். இது கருகவில்லை. பைக் வந்து இடித்தபோது இந்த விளக்கு அணைந்திருந்தது.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் இந்த மனுஷன் இன்று தூங்குவார். அவர் முகத்தைப் பார்த்தாள். பொய்யைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்றும் தெரிந்தது, சொன்னால் நம்ப மாட்டார் என்றும் தெரிந்தது.

"எரியல மாஸ்டர். முன்னாடியே போயிடுச்சு."

அவர் பக்கத்தில் நின்ற ஒரு வேனின் பம்பரில் கையை ஊன்றிக்கொண்டார். "ஹாரன் அடிச்சுப் பார்க்கச் சொன்னே," என்றார். "அன்னிக்கு நான் அடிக்கல. பயிற்சி முடிஞ்சு அவ களைச்சுப்போய் கண்ணசந்திருந்தா. எழுப்ப வேணாமேன்னு விட்டுட்டேன்."

கரண்டக்கா பட்டறைக்குள் போனாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "தப்பு எங்கன்னு கண்டுபிடி," என்றார். "இந்தக் காரை இனிமே நான் ஓட்டப் போறதில்ல. ஆனா தெரியாம இதைப் பழைய இரும்புக்கு உடைக்கவும் போட மாட்டேன்."

இருக்கைகளைக் கழற்றினாள். தரை விரிப்பைத் தூக்கினாள். அன்றே சொன்ன வேலை, இப்போது செய்தாள். வேகத்தடையில் ஆடுகிற வயர் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் கட்டிய கட்டில் அப்படியே இருந்தன. அவள் சொன்ன காரணமே தப்பு. இடிபட்ட மூலையில் ஒரு வயர் நசுங்கியிருந்தது, ஆனால் அதன் தோல் கிழியவில்லை. புது ஃபியூஸ் போட்டு, நல்லதாக இருந்த இடது பக்கப் பல்பை வைத்து, மிதியை மிதித்து மிதித்துப் பார்த்தாள். ஃபியூஸ் நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் என்ன வித்தியாசம்? ரோடு காரணம் இல்லை என்று ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். பின் இருக்கையில் ஓர் ஆள்.

"அக்காவைக் கூட்டிட்டு வர முடியுமா?" என்று கேட்டாள். "அவங்க உட்கார்ற மாதிரியே உட்காரணும்."

தையல்காரர் தயங்கினார். "அந்தக் கார்ல அவள மறுபடி ஏத்தணுமா?"

"ஏத்தணும்."

பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கின் காலி மைதானம் இருந்தது. லாரிகள் திரும்புவதற்காக விட்ட இடம், இப்போது யாரும் வருவதில்லை. இருக்கைகளைத் திரும்ப மாட்டி, காரை அங்கே ஓட்டிச்சென்று நிறுத்தினாள். பிரேக் பல்புகளைக் கழற்றினாள். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஃபியூஸுக்குப் பதில் ஒரு பெரிய பல்பை வயரோடு இணைத்து, டேஷ்போர்டு மேல் தெரியும்படி வைத்தாள். வயர் எங்கேயாவது இரும்பைத் தொட்டால் ஃபியூஸ் உருகுவதற்குப் பதிலாக இந்தப் பல்பு எரியும்.

தையல்காரர் மனைவியைத் தாங்கிக் கொண்டுவந்து பின் இருக்கையில் இடது பக்கம் உட்காரவைத்தார். காலை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார். அவர் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கரண்டக்கா மெதுவாக ஓட்டினாள். பிரேக் போட்டாள். பல்பு எரியவில்லை. கொஞ்சம் வேகம் எடுத்து, சட்டென்று மிதித்தாள். காரில் இருந்த எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது.

காலை எடுக்காமல் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். தையல்காரரின் மனைவி கதவோரத் தூணில் இருந்த கைப்பிடியை விட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?" என்றார் தையல்காரர்.

"இன்னொரு தடவ பார்க்கலாம்."

இன்னொரு தடவையும் அதுவே நடந்தது. மிதித்ததும் அவள் உடம்பு முன்னால் போயிற்று, இடது கை கைப்பிடியை இறுக்கியது, பல்பு எரிந்தது. உடம்பு நிலைக்கு வந்து கை தளர்ந்ததும் அணைந்தது.

கரண்டக்கா வண்டியை அணைத்தாள். அந்தக் கைப்பிடியை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். காரோடு வந்ததென்றே நினைத்திருந்தாள். இருக்கைத் துணியின் அதே நிறத்தில், பஞ்சு வைத்து, தையல் வெளியே தெரியாமல் உறை போட்டிருந்தது.

"மாஸ்டர், இந்தக் கைப்பிடி..."

"நான் மாட்டினது. மேல இருக்கிறது இவளுக்கு எட்டல." அவருக்கு இன்னும் புரியவில்லை. "முதல்ல சின்ன ஸ்க்ரூ போட்டேன், இவ பாரத்துக்குக் கழண்டு வந்துச்சு. அப்புறம்தான் நீளமா வாங்கி..."

நிறுத்திக்கொண்டார்.

இந்தக் காரில் பின் விளக்குக்குப் போகும் வயர் கட்டு அந்தத் தூணுக்குள்தான் ஏறிக் கூரை வழியாகப் போகிறது. கைப்பிடியை இழுத்தால் தூணின் பிளாஸ்டிக் வளைந்து, ஸ்க்ரூவின் முனை உள்ளே நகர்ந்து வயரில் இறங்கும். பிரேக்கில் கால் இருக்கும்போது மட்டுமே அந்த வயரில் மின்சாரம் இருக்கும். பிரேக்கில் கால் விழும்போதுதான் அவளும் கைப்பிடியை இழுப்பாள். இரண்டும் எப்போதும் ஒன்றாகவே நடந்திருக்கின்றன. ஆள் இல்லாத காரில் யார் எத்தனை நாள் தேடினாலும் கிடைத்திருக்காது.

இதையெல்லாம் அவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கரண்டக்கா நினைத்தாள். "சரி, இறங்கலாம். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்," என்றாள்.

"மிதி," என்றது பின்னாலிருந்து குரல்.

"அக்கா, போதும்."

"மிதி."

கரண்டக்கா சாவியைத் திருப்பி, நின்ற வண்டியிலேயே பிரேக்கை மிதித்தாள். தையல்காரரின் மனைவி டேஷ்போர்டு மேல் இருந்த பல்பையே பார்த்தபடி கைப்பிடியை இழுத்தாள். எரிந்தது. விட்டாள். அணைந்தது. மறுபடி இழுத்தாள், விட்டாள். ஸ்விட்ச் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பவள்போல நிதானமாகச் செய்தாள்.

"நான்," என்றாள்.

"நீ இல்ல," என்றார் தையல்காரர். "நான் போட்ட ஸ்க்ரூ. நீ என்ன பண்ணுவ?"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு... நாய். குறுக்க. பிரேக். முழிச்சேன். பிடிச்சேன்." மூச்சு வாங்கினாள். "அப்புறம்... பஸ்சு. மறுபடி பிரேக். அப்ப... பையன்."

நாய்க்காக மிதித்தபோது ஃபியூஸ் போய்விட்டது. பஸ்சுக்காக மிதித்தபோது விளக்கு இல்லை. பின்னால் வந்தவனுக்குக் கார் நிற்கப்போவது தெரியவில்லை. இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

வெயில் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கி, காருக்குள் புழுங்கியது. கதவைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை.

"அவங்க வீட்டுல... சொல்லணும்," என்றாள் அவள்.

தையல்காரர் அவள் பக்கம் திரும்பினார். "என்னன்னு சொல்றது? சொன்னா அவன் வந்துடுவானா? போலீஸே அவன் மேலதான் தப்புன்னு முடிச்சுட்டாங்க. இப்ப போய் நாமளே வம்பை விலைக்கு வாங்கறதா? என்னை உள்ள போட்டா உன்னை யார் பார்ப்பா?"

"அவன் மேல... தப்பு இல்ல."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார், கெஞ்சிக்கூடப் பார்த்தார். அவள் டேஷ்போர்டைப் பார்த்தபடி இருந்தாள். கடைசியில் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு ஆட்டோ பிடிம்மா, போகலாம்," என்றார்.

இறந்தவனுக்கு ஓர் அக்கா மட்டும்தான். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். பெற்றோர் போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். ஒரு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்தது அவர்கள் அறை. கதவு திறந்தே இருந்தது. தம்பியின் சட்டைகள் இஸ்திரி போட்டு மடித்து நாற்காலியில் அடுக்கியிருந்தன. புதிதாகப் போட்ட இஸ்திரி. இனி யாருக்காக என்று கரண்டக்கா கேட்டுக்கொள்ளவில்லை.

கார் ஓட்டியவர் என்று தெரிந்ததும் அக்கா எழுந்து நின்றாள். "எதுக்கு வந்தீங்க? ஆறுதல் சொல்லவா? ஏற்கெனவே நிறைய பேர் சொல்லிட்டாங்க."

கரண்டக்காதான் சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல், ஸ்க்ரூ, வயர், ஃபியூஸ், கைப்பிடி, நாய், பஸ் என்று வரிசையாகச் சொன்னாள். வண்டியில் கோளாறு இருந்தது முதலிலேயே தனக்கும் அவருக்கும் தெரியும் என்பதையும் சொன்னாள். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ அவன் வேகமா வரலையா?"

"வேகமா வந்தாரோ இல்லையோ எனக்குத் தெரியாதுங்க. ஆனா லைட்டு எரியல. அது நிச்சயம்."

அக்கா நாற்காலியில் இருந்த சட்டைகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தாள். சட்டைகள் மடியில் இருந்தன. "தினமும் திட்டறேன் அவனை," என்றாள். "எத்தன தடவ சொல்லியிருப்பேன், பார்த்துப் போடா, பார்த்துப் போடான்னு. என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே பாவின்னு, காலையில எழுந்ததும் அதுதான் முதல் வேலை. இன்னிக்குக்கூடத் திட்டினேன்."

வாசலோரம் கணவனின் தோளில் சாய்ந்து நின்றிருந்த தையல்காரரின் மனைவியை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தக் கை?"

இடது கை மெதுவாக உயர்ந்தது. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அக்கா அதைப் பார்த்தாள். தொடவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"இதை அப்படியே போலீஸ்ல போய்ச் சொல்லுவீங்களா?" என்று தையல்காரரிடம் கேட்டாள்.

"சொல்றேன்."

"சொல்லிட்டு வந்து எங்கிட்ட எதுவும் சொல்ல வேணாம். இங்க வராதீங்க. இவங்களுக்காக நான் பரிதாபப்பட வேண்டியிருக்கு, அதுக்கு இப்ப எங்கிட்ட தெம்பில்ல."

போலீஸில் சொன்னார்கள். கரண்டக்காவும் போய்ச் சொன்னாள், பல்பையும் ஸ்க்ரூவையும் கொடுத்தாள். முடித்துவைத்ததை மறுபடி திறப்பது யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் திறந்தார்கள். கோளாறு தெரிந்தே வண்டியை ஓட்டியதாகத் தையல்காரர் மேல் வழக்குப் பதிவானது. உள்ளே போடவில்லை, உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டு வாய்தாவுக்கு அலையவிட்டார்கள். மனைவியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற அவரால் முடியவில்லை. அந்த வீட்டிலிருந்து திரும்பியபின் வேறு வண்டியில் ஏறவும் அவள் ஒப்பவில்லை. எந்தக் காரின் கதவைத் திறந்தாலும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவாளாம். பயிற்சி நின்றது. கோலூன்றி நாலு அடி வைத்துக்கொண்டிருந்தவள் நாற்காலிக்குத் திரும்பினாள். பேச்சும் குறைந்துபோனதாக அவர் ஒருநாள் வந்து சொன்னார். வாய்தா எப்போது என்று சொல்ல வந்தவர், அதைச் சொல்லாமலே போய்விட்டார்.

மழைக்காலம் பிறந்தபின் ஒரு மாலை, இறந்தவனின் அக்கா ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். தம்பியின் பைக். போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்தது. முன்சக்கரத்தை யாரோ மெக்கானிக் ஒருமாதிரி நேராக்கியிருந்தார்.

"முன்னாடி லைட்டு எரியல. பார்க்கறீங்களா?"

கரண்டக்கா பார்த்தாள். பேட்டரி செத்திருந்தது, விளக்கில் ஒரு வயர் அறுந்திருந்தது. அவள் வேலை செய்துகொண்டிருந்த நேரமெல்லாம் அக்கா மேஜையோரம் நின்று மழையைப் பார்த்தாள். விளக்கு எரிந்ததும் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கணும். அதுக்கு முதல் நாள் அந்தக் கார் இங்கதான இருந்துச்சு?"

"ஆமா."

"வண்டிய விட்டுட்டுப் போகச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"முடியாதுன்னாரு, விட்டுட்டீங்க."

"ஆமா." கரண்டக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "சாவியப் பிடுங்கி வெச்சிருக்கலாம். எனக்குத் தோணல. அவங்களுக்குப் பயிற்சி இருக்கேன்னுதான் நினைச்சேன்."

கோபம் வரும் என்று கரண்டக்கா காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானா இருந்தாலும் விட்டிருப்பேன்னுதான் தோணுது," என்றாள் அக்கா. "அதான் தாங்கல."

பைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்தாள். ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளப் போவதாகவும் சொல்லவில்லை. வந்ததுபோலவே தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மழை வலுத்திருந்தது. கரண்டக்கா கூரைக்கு அடியில் நின்று, அவள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துவிட்டு, மேஜைமேல் பாதியில் விட்டிருந்த வேலைக்குத் திரும்பினாள்.